முகம் தெரியும் உயரம்

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், உனக்கும் அந்த இருமல் இந்நேரம் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறார். ஏற வைத்தது மருந்தில்லை, நீதான். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் சின்ன விமானத்தில் இந்தப் பக்கம் வரும்போது வீட்டுக்கு மேலே தாழ்வாக ஒரு சுற்றுச் சுற்றுவேன் என்று நீ சொன்னதிலிருந்து தையல் கடையில் அவருக்கு வேலை ஓடவில்லை. மேலிருந்து உனக்கு வீடு அடையாளம் தெரிய, சிவப்புத் துணியை நான்கு அகலம் சேர்த்துத் தைத்து மொட்டைமாடியில் விரித்துப் பார்த்தாயிற்று. அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு தலைக்கு மேல வர்றா, தொப்பியைக் கெட்டியா பிடிச்சுக்குங்க" என்கிறார். மருந்துக்கடைக்காரர், "மொதல்ல என் பேண்ட்டைத் தைச்சுக் குடுய்யா, அதைப் போட்டுக்கிட்டுத்தான் பாக்க வரணும்" என்றாராம்.

நானும் சிரித்தேன். ஆனால் பாப்பா, அப்படித் தாழ வர வேண்டாம். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். விமானம் ஓட்டுகிறவளுக்கு நான் பாடம் எடுக்கவில்லை, மேலிருந்து பார்த்தால் மின்கம்பம் தெரியும், கம்பி தெரியாது என்பதும், தாழ்வில் இன்ஜின் நின்றால் இறங்க இடம் தேடக்கூட நேரமிருக்காது என்பதும் உனக்கே தெரியும். நான் சொல்வது பத்திரிகை வேலையில் பார்த்தது. நீ பள்ளிக்கூடம் போன நாளில் ஒரு விமான விபத்தைப் பற்றி எழுதப் போனேன். பதினெட்டு வருடம் ஓட்டியவர், தன் வீட்டையே சுற்றியிருக்கிறார். "இன்ஜின்ல கோளாறு இல்லைங்க, காத்தும் இல்லை. கீழ பாத்துக்கிட்டே வளைச்சிருக்கார், வேகம் கொறஞ்சதைக் கவனிக்கலை" என்றார் விசாரணை அதிகாரி. உயரத்தில் என்றால் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி, வேகம் பிடித்து மீண்டிருப்பார், கூரைக்கு மேலே மீள ஏது இடம்? இதையெல்லாம் எழுதினேன். எழுதாமல் விட்டது ஒன்று. "போன தடவை முகமே தெரியலைன்னு நான்தாங்க சொன்னேன், அதைப் போடாதீங்க" என்றார் இறந்தவரின் மனைவி. போடவில்லை. அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

நேற்றுச் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு, "எப்பவும் போற உயரத்துல போனா எவ்வளவு தெரியும்?" என்று கேட்டார். ஒரு பொட்டு அளவு என்றேன். "அது போதும். முகத்தைப் பாக்க அவளை பஸ்ல வரச் சொல்லு" என்றார். அன்றைக்குப் போனில், முகம் தெரிகிற மாதிரி வாடி என்று விளையாட்டாகச் சொன்னது அவர் இல்லை, நான். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ நீண்ட ஆயுளோடு, நினைத்ததெல்லாம் நடந்து நன்றாக இருக்க வேண்டும். இறங்கியதும் முதலில் எங்களுக்குப் போன் செய். ஞாயிற்றுக்கிழமை உன் உயரத்தில் நேராகப் போ, கீழே பார்க்காதே. நாங்கள் மேலே பார்த்துக்கொள்கிறோம்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா