ஹேமியின் நாற்காலிக்கு மூன்று பேர்

ஞாயிறு மதியம்

அன்புள்ள ஹேமிக்கு,

நோலீன் எழுதுவது. நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் நேராக என் மானம் போன கதைக்கு வந்துவிடுகிறேன்.

நீ ஊருக்குப் போனபின் உன் இடத்துக்கு மென்பொருள் பொறியாளர் தேடி நானே நேர்காணல் நடத்தினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பால் பண்ணைக்காரர்களிடம் மாட்டுக் கழுத்துப் பட்டையை விற்பதுதான். மாட்டுக்குக் காய்ச்சல் என்று அந்தப் பட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டால், அது ஹேமி பாடு என்று சிரித்தே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். இணையத்தில் கேள்விகளைப் பொறுக்கிக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவர் ஸ்டூவர்ட். கேட்டதற்கெல்லாம் விளக்கமாகப் பதில் சொன்னார். பிரமாதம், இதைத்தான் எதிர்பார்த்தேன் என்றேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "கடைசியா சொன்னதெல்லாம் வேணும்னே தப்பா சொன்னதும்மா. விஷயம் தெரிஞ்சவங்க யாராச்சும் இங்க இருக்காங்களான்னு பாத்தேன்" என்றார். போகிறபோது வாசலில் இருந்த ஃபிஜோவாப் பழ வாளியிலிருந்து நாலு பழத்தையும் அள்ளிக்கொண்டு போனார்.

ஜூலையில் மாடுகள் கன்று போட ஆரம்பித்துவிடும். அதற்குள் ஆள் கிடைக்காவிட்டால் நிறுவனத்தை மூடிவிடலாம் என்று பணம் போட்ட புரூஸ் சொல்லிவிட்டார். எப்படி ஆள் எடுப்பது என்ற உபதேசமும் அவரிடமிருந்தே வந்தது. "படிப்பு கிடிப்பெல்லாம் பாக்காத நோலீன். எப்ப கூப்பிட்டாலும் எந்திரிச்சு வர்றவனா பாரு. இன்னொரு ஹேமியப் புடி, போதும்."

அவரே பிடித்து வந்தவன் கேய்டன், அவருடைய ரக்பி கிளப் பயிற்சியாளரின் மருமகன். நீ எழுதிய நிரலை எல்லாம் இடித்துவிட்டு இரண்டே வாரத்தில் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்றான். புரூஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பால் கறக்கும் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். ஒரு மாடு அவன் சட்டையை நக்கியது. நேரே காருக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான். கண்ணாடியை இத்தனூண்டு இறக்கி, "மாடு இல்லாத டிபார்ட்மென்ட் எதுவும் இருக்குங்களா?" என்று கேட்டான்.

மூன்றாவதாக வந்தவர் மெரியானா. நாற்பது வயதிருக்கும். பட்ட அனுபவத்தில் நான் வாயே திறக்கவில்லை. சுடச்சுடச் சுட்ட சீஸ் ஸ்கோன் ரொட்டித் தட்டை மட்டும் நகர்த்தி வைத்தேன். நீ எழுதியதை வெகுநேரம் படித்துவிட்டு அவர்தான் கேள்வி கேட்டார்.

"ராத்திரி இது நின்னு போச்சுன்னா யாருக்குப் போன் மணி அடிக்கும்?"

ஹேமிக்கு என்றேன்.

"அவருக்கு உடம்பு முடியலன்னா?"

அப்போதும் ஹேமிக்குத்தான் என்றேன். ஹேமி லீவே போட்டதில்லை என்று பெருமையாக வேறு சொல்லி வைத்தேன்.

கையில் இருந்த ஸ்கோனைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "ரொம்ப நல்லா எழுதியிருக்காரு. இப்ப எங்க அவரு?"

மீன் பிடிக்கப் போயிருக்கிறார் என்றேன்.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. இந்த நாற்காலி எனக்கு வேணாங்க. கூட இன்னொருத்தரையும் எடுத்தீங்கன்னா சொல்லுங்க, வர்றேன்."

புரூஸிடம் சொன்னேன். ஒருவருக்கே வழியில்லை, இதில் இருவரா என்று அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

எப்படிப்பட்டவரை எடுக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும், ஹேமி. யாருக்கு மணி அடிக்கும் என்ற அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரை எடுக்க வேண்டும். கேட்கத் தெரிந்தவர் நம்மிடம் வரமாட்டார்.

உன் ஊர் ஓப்போடிகிக்குப் போன் போட்டேன். உன் அக்கா ஹினேவாய்தான் எடுத்தாள். இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறாய், ஆனால் போன் மணி கேட்டால் இன்னும் எழுந்து வெளியே போய்விடுகிறாய் என்றாள். "ஆபீஸ் பேச்ச எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வந்தீங்க, நாய அவுத்து விட்டுருவேன்" என்றும் சொன்னாள். அவள் சொல்வது நியாயம்தான்.

நீ எதையும் நினைக்காதே. கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார். நிறுவனம் போனால் போகட்டும். எனக்குக் காலணிக் கடையிலாவது வேலை கிடைக்கும், எதையும் விற்கிற வாய் இது. உனக்கு நல்ல தூக்கம் வரட்டும், கனவில்கூட மாடு வராத தூக்கம்.

என்றும் உன் நலம் நாடும்,
நோலீன்

பி.கு.: உறையில் தபால்தலை இல்லையே என்று யோசிக்காதே. உன் அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உன் மடிக்கணினி பக்கத்து இருக்கையில் இருக்கிறது. முழுக்க சார்ஜ் போட்டு எடுத்து வந்திருக்கிறேன்.