மானேஜருக்கு ஒரு முழுக்கு

ஆவணி 4, வெள்ளி

புழுக்கம். இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றிய மழை. பாக்கி வேலை: ஜிப்பா இரண்டு, வாத்தியார் கோட்டு ஒன்று, பொத்தான் காஜா பதினாறு. யுத்தம் வந்ததிலிருந்து புதுத் துணி கண்ணில் படுவதே இல்லை. எல்லாரும் பழையதைத் திருப்பித் தைக்கத்தான் வருகிறார்கள்.

பதினோரு மணிக்கு சோடாக் கடை காசி ஓடி வந்தான்.

"மாரி, சேதி கேட்டியா? நம்ம மானேஜரு அரிமளம் கிளப்புல சேந்துட்டாரு."

"எந்த மானேஜரு?"

"நமக்கு எத்தனை மானேஜருய்யா? துரைசாமி சாருதான். நேத்து சாயங்காலம் அங்கிட்டு நின்னு பந்து பழக்கிக் குடுத்துக்கிட்டு இருந்தாராம். மஜீது கண்ணால பாத்துருக்கான்."

மஜீது எங்கள் புட்பால் கிளப்பின் லெஃப்ட் அவுட். பொய் சொல்ல மாட்டான்.

மிஷின் ஊசி விரலில் இறங்கிவிட்டது. வாத்தியார் கோட்டில் ஒரு சொட்டு ரத்தம். பதினோரு வருஷம் எங்களோடு இருந்த மனுஷர். அரிமளமாம். வேறு ஊரே கிடைக்கவில்லையா.

ஆவணி 5, சனி

நல்ல காற்று. கடை வாசல் முழுக்கப் புழுதி. மிஷினுக்கு எண்ணெய் விட வேண்டும்.

சோடாக் கடையில் கூட்டம். ஆளாளுக்குத் திட்டு. துரோகி, சோறு கண்ட இடம், இன்னும் எழுதக் கூசும் வார்த்தைகள். நானும் திட்டினேன். கொஞ்சம் அதிகமாகவே.

இந்த நோட்டின் முன்பக்கம் ஊரார் அளவு. பின்பக்கத்தை யாரும் புரட்ட மாட்டார்கள். அதனால் உண்மையை இங்கே எழுதிவிடுகிறேன். அவராகப் போகவில்லை. போன வருஷம் பைனலில் தோற்றதும் "கிழட்டு மானேஜர் ஒழிக" என்று கத்தினோமே, நாங்கள்தான் விரட்டினோம். என் இடது கால் செருப்பு அவர் முதுகில் போய் விழுந்தது. ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் அவர் விசிலைக் கமிட்டியிடம் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு வருஷம் குடையைப் பிடித்துக்கொண்டு என் கடையைத் தாண்டித்தான் போய்வந்தார். ஒருவரும் "வாங்க சார்" என்று கூப்பிடவில்லை. நானும்தான்.

ஆவணி 6, ஞாயிறு

காலையில் குளம். காசியின் ஏற்பாடு.

"செத்தவனுக்கு முழுகுற மாதிரி முழுகிட்டு வந்துருவோம். அப்புறம் அவரோட பேச்சு வார்த்தை, அன்னந்தண்ணி ஒண்ணுங் கெடையாது. மீறுனவனுக்கும் இதே முழுக்குத்தான்."

ஆறு பேர் இறங்கினோம். மஜீது முழுகவில்லை. "எங்கள்ல இந்த வழக்கமில்லண்ணே" என்று எங்கள் சட்டைகளைக் கையில் வாங்கிக்கொண்டு படியில் நின்றான். காசி மூன்று எண்ணினான். ஐந்து தலையும் உள்ளே போயின.

என் தலை போகவில்லை. கழுத்தளவு தண்ணீரில் அப்படியே நின்றேன். முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. அவர்கள் எழுவதற்குள் இரண்டு கை தண்ணீர் அள்ளித் தலையில் விட்டுக்கொண்டேன். எல்லாத் தலையும் ஈரம். யாருக்கும் தெரியாது.

மஜீது பார்த்திருப்பானோ? சட்டையைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

செல்லம் வீட்டில் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, பந்து வெளையாட்டுக்குப் போயி யாராச்சும் முழுகுவாங்களா? அந்த மனுசன் பொஞ்சாதி கேட்டா என்ன நெனைக்கும்?" தும்மல். சுக்குக் கஷாயம்.

ஆவணி 8, செவ்வாய்

வெயில். நூல் தீர்ந்துவிட்டது. சிவப்பு நூல் மட்டும் நிறைய இருக்கிறது.

மத்தியானம், தெரு ஆளில்லாமல் கிடந்த நேரம், துரைசாமி சார் கடைக்கு வந்தார். நிஜமாகவே வந்தார். கையில் மாட்சுக்கு அவர் போட்டுக்கொள்கிற வெள்ளைக் கோட்டு. நான் தைத்தது. இடது கையில் சிவப்புப் பட்டை, எங்கள் கிளப் கலர்.

"மாரிமுத்து, சௌக்கியமா இருக்கியா? இந்தப் பட்டையைப் பிரிச்சுட்டு இதை வச்சுக் குடு." பச்சைத் துணி ஒரு துண்டு. அரிமளம் கலர்.

நான் வாய் திறக்கவில்லை. நான்தான் முழுகவே இல்லையே, பேசினால் என்ன? ஆனால் முழுகியதாக ஊரை நம்பவைத்தாகிவிட்டது.

பச்சைத் துணியை மேஜைமேல் வைத்தார். "நீயுமா முழுகுன?" என்று கேட்டார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு கோட்டைத் திருப்பிக் காட்டினார். "முதுகுல ஒரு கறை. எத்தனை தடவை வெளுத்தாலும் போகமாட்டேங்குது. ஏதாச்சும் செய்ய முடியுதான்னு பாரு."

செருப்பின் அச்சு. குதிகால் வளைவுகூடத் தெரிகிறது.

அவர் போன பிறகு பட்டையைப் பிரித்தேன். தையல் தையலாக. பட்டை இருந்த இடம் மட்டும் புது வெள்ளை. மற்ற இடமெல்லாம் பழுப்பேறிவிட்டது. பச்சைத் துணி அகலம் போதவில்லை, இரண்டு ஓரமும் வெள்ளை தெரிகிறது. என்ன செய்தும் மறையவில்லை. கறைக்கு எலுமிச்சம்பழம், உப்பு, வெயில். அரைவாசி போயிற்று.

சிவப்புப் பட்டை என் மேஜை இழுப்பறையில்.

ஆவணி 11, வெள்ளி

தூறல். கோட்டை வாங்கிப் போக அவர் வீட்டம்மா வந்தார்கள். "அவுரு ஒண்ணும் கொறையா சொல்லலப்பா" என்றார்கள். அவ்வளவுதான். அவர்களிடமும் பேசாமல் கோட்டை மடித்து நீட்டினேன். நான் என்ன மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை மாட்ச். நம் மைதானத்தில். எதிரி அரிமளம்.

ஆவணி 13, ஞாயிறு

எப்படி எழுதுவது. வரிசையாக எழுதுகிறேன்.

கூட்டம் கயிற்றைத் தாண்டி நின்றது. அவர் அந்தப் பக்கம், குடையும் கோட்டுமாக. எங்கள் ஆட்கள் "ஓ" என்று ஊளையிட்டார்கள். எனக்குத் தெரிந்தது பச்சைப் பட்டையின் இரண்டு பக்கமும் வெள்ளை ஓரம் மட்டும்.

ஹாஃப் டைம்வரை ஒன்றுமில்லை. அப்புறம் மஜீது ஒரு கோல் போட்டான். தொண்டை கிழியக் கத்தினேன். அதன் பிறகு அவர்களும் ஒன்று போட்டார்கள். சமம்.

கடைசியில் அரிமளத்துக்கு ஒரு கார்னர். பந்தைத் தூக்கி அடிக்கவில்லை. தரையோடு உருட்டினான். முன்னால் நின்ற அவர்கள் ஆள் இரண்டு பேரும் காலை அகற்றிப் பந்தைப் போகவிட்டார்கள், பின்னாலிருந்து ஓடி வந்தவன் வெறுங்காலால் ஒரே அடி. கோல்.

அது சாருடைய கார்னர். பதினோரு வருஷம் எங்கள் பையன்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்தது. ஒரு மாட்சில்கூட எங்களுக்கு வாய்க்கவில்லை. தப்பும்போதெல்லாம் அவர் குடையைத் தரையில் தட்டி "இன்னொரு தரம்" என்பார். சாயங்காலம் சாயங்காலமாகக் கயிற்றோரம் நின்று பார்த்தவன் நான். இன்றைக்கு வாய்த்துவிட்டது.

கை தட்டியிருக்கிறேன். "சபாஷ், சார்!" என்று கத்தியுமிருக்கிறேன். என் காதில் விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. சுற்றி ஒரு சத்தமும் இல்லை. காசி திரும்பிப் பார்த்தான்.

அந்தப் பக்கத்திலிருந்து சாரும் பார்த்தார். குடையைக் கொஞ்சம் உயர்த்தினார்.

தோற்றுவிட்டோம். வீட்டுக்குத் தனியாக வந்தேன்.

ஆவணி 14, திங்கள்

கடைக்கு ஒருவரும் வரவில்லை. காஜா எடுத்துவைத்த ஜிப்பாக்கள் அப்படியே. காசி கடைக்குப் போய் ஒரு சோடா கேட்டேன். எனக்குப் பின்னால் வந்தவனுக்கு உடைத்துக் கொடுத்தான். அப்புறம் பாட்டில்களைக் கழுவ ஆரம்பித்தான். ரொம்ப நேரம் நின்றேன்.

செல்லத்திடம் சொல்லவில்லை. இந்த ஊரில் எனக்கு வேறு என்ன இருக்கிறது? கடை விட்டால் மைதானம், மைதானம் விட்டால் கடை. நாளைக் காலையில் முதல் வேலை, காசியிடம் மன்னிப்பு. காலில் விழச் சொன்னாலும் சரி. இழுப்பறையிலிருந்து சிவப்புப் பட்டையை எடுத்துக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

ஆவணி 15, செவ்வாய்

மேகமூட்டம். காசி வீட்டில் இல்லை. குளத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். போனேன்.

படியில் மஜீது. கையில் சட்டைகள். எண்ணினேன், ஐந்து. தண்ணீரிலிருந்து காசியும் மற்ற நால்வரும் ஈரத் தலையோடு ஏறி வந்தார்கள்.

"காசி, யாருக்கு முழுக்கு?" என்று கேட்டேன்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். பட்டை என் கையில் இருந்தது. நீட்டக்கூட இல்லை.

முழுகாதவன் மஜீது ஒருவன்தான். அவன் மட்டும் நின்றான். குனிந்தபடி, "வீட்டுக்குப் போங்கண்ணே" என்றான்.