கேப்டன் வீட்டு மொட்டைமாடி

மார்ச் 3, செவ்வாய்

எடுத்துவிட்டார்கள்! வாலிபால் அணியில் என்னை எடுத்துவிட்டார்கள்! கோச் என் பெயரை வாசித்ததும் தலைகால் புரியாமல் பக்கத்தில் நின்றவளைக் கட்டிப்பிடித்தேன். யாரென்று பார்த்தால் கேப்டன்! பதினேழு வயது, பனைமர உயரம், பள்ளிக்கூடமே பயப்படும் கேப்டன்.

"விடுடி, மூச்சு முட்டுது."

'டி' போட்டுப் பேசிவிட்டாள்!

மார்ச் 7, சனி

பயிற்சி முடிந்து எல்லாரும் கேப்டன் வீட்டு மொட்டைமாடிக்குப் போனோம். ஃப்ரிட்ஜிலிருந்து பீர் டின்களை அள்ளிக்கொண்டு வந்தாள்.

"உங்கப்பா திட்ட மாட்டாரா?"

"வெளிய போய்க் குடிக்கிறதுக்கு வீட்லயே குடிம்பாரு. அதுவும் அப்பா அம்மா ரெண்டு பேரும் வீட்ல இருந்தாத்தானே திட்ட!"

எல்லார் கண்ணும் என் மேல். கஷாயத்தை விடக் கசப்பு. பாதி குடித்தேன். அதற்குப் பிறகு குருவி தும்மினாலும் சிரிப்பு, தும்மாவிட்டாலும் சிரிப்பு. (குருவி, அணியிலேயே சின்னவள். பதினைந்து வயது.) சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

"இவ நம்ம ஆளு" என்றாள் கேப்டன்.

நம்ம ஆளு! நம்ம ஆளு!

மார்ச் 8, ஞாயிறு

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். "தண்ணி போட்டுட்டு ஸ்டியரிங்கைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்" என்று வாரமெல்லாம் மிரட்டுவார். ஞாயிறு மதியம் மட்டும் கால்மேல் கால் போட்டு இரண்டு பாட்டில் பீர். ஐந்து வயதில் அவர் மடியிலிருந்து நான் நுரையை நக்கிய கதையை இன்றும் சித்தப்பாவிடம் சொன்னார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்படியானால் நேற்றையது அவ்வளவு பெரிய தப்பா என்ன?

அம்மா சிரிக்கவில்லை. துணி மடித்தபடியே என்னிடம், "எங்கயாவது மாட்டிக்கிட்டா என்னைக் கூப்பிடு. முதல்ல வர்றேன், அப்புறம் திட்டறேன்" என்றாள்.

எதற்குச் சொன்னாள்? வாசனை வந்திருக்குமோ?

மார்ச் 14, சனி

தூக்கம் வரல.

இன்னிக்கு மொட்டைமாடில பீர் இல்ல, வோட்கா. யாரு முதல்ல முடிக்கறதுன்னு போட்டி. "குருவி! குருவி!"ன்னு கையைத் தட்டினோம் — நானும்தான் தட்டினேன், நான்தான் சத்தமா. மூணாவது கிளாஸ்ல சரிஞ்சா. வாந்தி. உலுக்கினாலும் கண்ணைத் திறக்கல. உதடு வெளுத்துப்போச்சு.

என் போனை கேப்டன் பிடுங்கிட்டா. "யாருக்கும் சொல்லாதடி, டீமே போயிடும்! தூங்கினா சரியாயிடும்."

எனக்கு டீம்தான் உசிரு. ஆனா குருவிக்கு மூச்சு விட்டு விட்டு வந்துச்சே? கேப்டன் கையைக் கடிச்சு போனை வாங்கினேன். ஆமா, கடிச்சேன். ஆம்புலன்ஸுக்கு, அப்புறம் அம்மாவுக்கு.

அம்மாதான் முதல்ல வந்தா, வேலை பாக்கற சலவைக்கடையோட ஏப்ரனைக்கூடக் கழட்டாம. குருவியை ஒருக்களிச்சுப் படுக்கவெச்சு, வாயைத் துடைச்சா. என்னை ஒரு வார்த்தை சொல்லல.

மார்ச் 15, ஞாயிறு

கண் விழித்துவிட்டாள்! அவள் கேட்ட முதல் கேள்வி: "யாரு ஜெயிச்சா?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டே சிரித்தேன். நர்ஸ் வந்து வாயைப் பொத்தச் சொன்னார்.

மார்ச் 16, திங்கள்

அம்மா சொன்ன சொல் தவறாதவள். முக்கால் மணி நேரம் திட்டினாள். கடைசியில் அப்பா, "நுரையை நக்கக் கொடுத்தவன் நான்தானே" என்றார், என்னைப் பார்க்காமல்.

அணி மொத்தமும் இரண்டு வாரம் வெளியே. கேப்டன் என்னைக் கண்டால் பாதை மாறிப் போகிறாள். கையில் பிளாஸ்திரி.

மார்ச் 22, ஞாயிறு

அப்பா எலுமிச்சைச் சாறு குடித்தார். பேதி மருந்து குடிக்கிற முகம். என்னைப் பார்க்க வந்த குருவி அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அறைக்குள் ஓடித் தலையணையில் முகத்தைப் புதைத்தாள். ஒரு சொட்டு குடிக்காமலே வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மார்ச் 29, ஞாயிறு

மத்தியானம் கதவைத் திறந்தால் — கேப்டன்!

"உங்கம்மா இருக்காங்களா?"

என்னைக் கேட்கவில்லை! சமையலறைக்குள் போனாள், அம்மா கதவைச் சாத்தினாள். ஒரு மணி நேரம். நானும் அப்பாவும் கூடத்தில் டிவியை ஊமையாக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கேட்டது இரண்டுதான்: "சாப்பிட்டியா?" என்ற அம்மாவின் குரல், பிறகு யாரோ பலமாக மூக்கைச் சிந்திய சத்தம்.

சிவந்த கண்ணோடு, கையில் எங்கள் வீட்டு டிபன் பாக்ஸோடு வெளியே வந்தாள். படியில் இறங்கியவள் திரும்பினாள்.

"நாளைக்கு அஞ்சரைக்கு ப்ராக்டிஸ். லேட்டா வந்தே, கொன்னுடுவேன்டி."

கொன்னுடுவாளாம்! என்னை!

அலாரம் ஐந்துக்கு வைத்திருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று நாலரைக்கு இன்னொன்று.