அம்மா பேரைச் சொல்லி எல்லாரையும் இறக்கினேன்

சேசு மரி சூசை துணை

மரியநாதபுரம்,
திண்டுக்கல்.
ஞாயிறு சாயங்காலம்.

அன்பு மகள் பாத்திமாவுக்கு அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், மில்லுக்குப் போகிறேன், தெருக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. ராஞ்சிக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல், ஜெபத்திலும் சாப்பாட்டிலும் குறை வைக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். கன்னியர் மடத்தில் நாவிஷியேட் பயிற்சி முடிகிறவரை போன் கிடையாது, கடிதம்தான் என்று ஆனதில் எனக்கு ஒரு வசதி, போன் என்றால் ம், ஆமா, சரி என்று முடித்துவிடுவேன். போன கடிதத்தில் நீங்க எப்படி இருக்கீங்க, உள்ளதைச் சொல்லுங்கப்பா என்று கேட்டிருந்தாய். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ மாதிரி இருக்கும் இல்லையா, அம்மா போனதிலிருந்து உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தேன். நேற்று வரைக்கும். நேற்று நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் வீட்டுச் செய்தி, ஆண்டனி மாமா லோடு ஆட்டோவுக்குப் புது பேட்டரி மாற்றியிருக்கிறான், அம்மாவின் வருஷத் திருப்பலிக்கு மார்ச்சில் பங்குச்சாமியிடம் சொல்லி வைத்தாயிற்று, உன் ரோஜாச் செடியை ஆடு மேய்ந்துவிட்டது, துளிர்க்கும் என்கிறார்கள்.

நேற்று நம் தெரு டீமுக்குப் பாலக்காட்டுப் பக்கம் ஒரு ஊரில் ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் புட்பால் செமி பைனல், ஊர்ப் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. வெளியூர் மேட்ச் ஒன்றைக்கூட அம்மா விட்டதில்லை, வேனில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட்டு அவளுக்கு என்று ஊருக்கே தெரியும். அவள் போன பிறகு அதில் யாரும் உட்காரவில்லையாம். வெள்ளிக்கிழமை ஆண்டனி வந்து நின்றுகொண்டே, மச்சான், அக்கா சீட்டு காலியாவே போயி காலியாவே வருது, பயலுகளுக்கு அதப் பாத்தாலே காலு ஓடமாட்டேங்குது, நீங்க வந்து குந்துங்க என்றான். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பான், அதற்கு ஒரு பதில் தேட வேண்டும், அதைவிடப் போவது லேசு என்று சரி என்றேன். எந்தக் கோல் நம்முடையது என்று சட்டைக் கலரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஆள் நான், என்னைப் பார்த்தா அவர்களுக்குக் கால் ஓடப்போகிறது. காலையில் கோயில் வாசலில் சாமியார் வேனுக்குத் தீர்த்தம் தெளித்தார், நான் குனிந்து நான்கு டயரையும் பார்த்தேன், மில் மெயின்டனன்ஸில் இருபது வருஷம் கழித்தவனுக்கு அது கைப்பழக்கம். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் சிவனம்மாள் அக்காவை நினைவிருக்கும், அம்மாவின் மேட்ச் கூட்டாளி, மருதாணிக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தம்பி, நீ பாக்குற பார்வையிலயே டயரு தேஞ்சிரும், ஏறு என்றது. வேன் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன, ஆண்டனி டிரம் அடித்தான், பையன்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள், ஜன்னலோரம் நான் அம்மா இடத்தில் உட்கார்ந்து தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு போனேன்.

அம்மாவின் உப்பு விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் மந்திரித்த உப்பை ஒரு தாளில் மடித்து எடுத்துப் போவாள், ஆட்டம் தொடங்கும் முன் நம் கோலுக்குப் பின்னால் பாதியைத் தூவுவாள், மறு பாதியை முந்தானையில் முடிந்து வைத்திருந்து, இடைவேளைக்குப் பிறகு டீம் பக்கம் மாறும்போது அந்தக் கோலுக்குப் பின்னால் தூவுவாள். இந்தத் தடவை அந்த வேலையைச் சிவனம்மாள் அக்கா எடுத்துக்கொண்டது. அது மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற ஆள், ஆனாலும் ஐரின் செஞ்சத நான் செய்யாம யாரு செய்வா என்று முன்னாலேயே ஓடிப்போய் தூவிவிட்டு வந்தது.

ஊர் கடைசியில் அறுத்த வயலைச் சமம் பண்ணித்தான் கிரவுண்டு போட்டிருந்தார்கள். பார்க்க வந்தவர்களுக்குப் பாக்குமரத்தையும் மூங்கிலையும் கட்டிப் பலகை போட்டுப் படிப்படியாகக் கேலரி. நம் கூட்டத்துக்கு நடுவில் மேல் படிகள். ஆட்டம் தொடங்கிச் செத்த நேரத்தில் நம் பையன் ஒருவன் கோல் போட்டான், மொத்தப் பேரும் டிரம்முக்கு ஏற்பக் குதித்தார்கள். நான் பக்கத்துக் கம்பத்தைப் பிடித்திருந்தேன். குதிப்பு நின்றது, கம்பம் நிற்கவில்லை பாத்திமா. அது பாட்டுக்கு இடமும் வலமும் ஆடி, ஆடி, பிறகுதான் ஓய்ந்தது. மெஷின் மேல் கை வைத்தே பேரிங் போய்விட்டதா என்று சொல்கிறவன் நான், அந்த ஆட்டம் என் உள்ளங்கை வழியாக ஏறி வயிற்றுக்குள் போய் உட்கார்ந்தது. டயரைப் பார்த்தது பழக்கம், இது பயம். பத்து மாதமாக எனக்கு இல்லாமல் போயிருந்தது ஒன்று திடீரென்று திரும்பி வந்து கழுத்தைப் பிடித்த மாதிரி.

இறங்கிக் கீழே குனிந்து போய்ப் பார்த்தேன். முன் பக்கம் குறுக்குக் கட்டைகள் ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள், பின் பக்கம் ஒன்றுகூட இல்லை, கட்ட மறந்தார்களோ மரம் தீர்ந்துபோனதோ. கால்கள் வயல் மண்ணில் நிற்கின்றன, அடியில் பலகை இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் பாரத்தை அது தாங்கும். எல்லாரும் ஒரே தாளத்தில் குதித்தால் ஊஞ்சலைத் தள்ளுகிற மாதிரி ஆட்டம் கூடிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் மொத்தமும் பின்னால் படுத்துவிடும். கமிட்டிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், ஒரு கொழப்பமும் இல்லா சேட்டா, கேறி இரி என்று சிரித்துக்கொண்டே, ஏறி உட்காரச் சொல்லிப் படியைக் காட்டினார். மேலே ஏறிப்போய் ஆண்டனி காதில் சொன்னேன். வருசா வருசம் இப்பிடித்தான மச்சான் கட்டுறாய்ங்க, ஒக்காருங்க என்றான். சிவனம்மாள் அக்கா, வீட்ல ஒத்தையில கெடந்து கெடந்து மனசு இப்பிடி ஆகிப்போச்சு, இந்தா சுண்டல் தின்னு என்றது. பின்னாலிருந்து யாரோ, விடப்பா, பொண்டாட்டிய மண்ணுல வச்ச ஆளு, பாக்குற எடமெல்லாம் சாவுதான் தெரியும் என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

அது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. முந்தின மாதம் மில்லில் ஒரு மோட்டார் சத்தம் மாறுகிறது என்று நிறுத்தச் சொன்னேன், பிரித்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, மேனேஜர் தோளில் கை வைத்து, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க ராயப்பராஜ் என்றார். இப்போதும் நான் பார்ப்பது கம்பத்தையா, என் தலைக்குள் ஓடுகிறதையா? தெரியவில்லை. நான் மட்டும் இறங்கிப் போய் வேனில் உட்காரலாம். ஆனால் மேலே அம்மாவின் ஒரே தம்பி டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குதிக்கிறான், அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்ட அத்தனை பேரும் அந்தப் பலகை மேல் நிற்கிறார்கள். மறுபடி ஏறி அவர்களோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவை பந்து அந்தப் பக்கக் கோல் அருகே போகும்போதும், சாமி, போட்டுவிடாதே என்று நம் டீமுக்கு எதிராகவே வேண்டிக்கொண்டேன், போட்டால் குதிப்பார்கள். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

இடைவேளை விசில் அடித்து டீம்கள் பக்கம் மாறினதும் சிவனம்மாள் அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு, அடி ஆத்தி, உப்பு அவிங்களுக்கு ஆயிப்போச்சே என்று கத்தியது. பாதி வைக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. சாமி காரியத்துல கஞ்சத்தனம் எதுக்குன்னு அம்புட்டையும் கொட்டிட்டேனே என்று அழவே ஆரம்பித்துவிட்டது. ஏலே, போயி அள்ளிட்டு வாங்கடா என்று ஒருவர், வயல் மண்ணுல உப்ப எங்க அள்ளுறது என்று இன்னொருவர், ஒரே கூச்சல். எனக்கே தெரியாமல் நான் எழுந்து நின்றிருந்தேன். ஐரின் எங்கிட்டச் சொல்லியிருக்கா என்றேன். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். உப்பு தீந்து போச்சுன்னா வந்த ஆளு மொத்தமும் எறங்கிப் போயி நம்ம கோலுக்குப் பின்னால நிக்கணும், ஆளுக்கு ஒரு கல்லு நாக்குல வச்சுக்கிரணும், ஆட்டம் முடியிறவரைக்கும் குந்தக் கூடாது, அவ மிச்ச உப்பு எங்கிட்ட இருக்கு என்றேன். என் சட்டைப்பையில் இருந்தது மத்தியானம் அவித்த முட்டைக்குக் கொடுத்த உப்புப் பொட்டலம். அம்மா என்னிடம் அப்படி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. மில் மெயின்டனன்ஸ்காரன் சொன்னபோது அசையாத கூட்டம் அம்மா பெயரைச் சொன்னதும் செருப்பைத் தேடியது. ஒரே அடியாக இறங்கத் தொடங்கினார்கள் பார், அப்போதுதான் உயிரே போனது, ஒருத்தர் பின்னால் ஒருத்தர் வாங்க, ஓடாதீங்க என்று அலறிக்கொண்டு ஓரக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றேன், என் எடைக்கு அது என்ன கேட்கப் போகிறது. கடைசியாக ஆண்டனி டிரம்மோடு இறங்கினான். உள்ளூர்ப் பையன்கள் சிலரும் என்ன விசேஷம் என்று பின்னாலேயே வந்து நாக்கை நீட்டி உப்பு வாங்கிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் சும்மா உட்கார்ந்து கடலை தின்றார்கள், டிரம் இல்லாமல் குதிக்க ஆளில்லை, அது போதும் என்று நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

கேலரி விழவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா. ஆட்டம் முடிந்து ஜனம் எல்லாம் இறங்கிப் போன பிறகும் அது நட்ட மாதிரியே நின்றது. நாம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். ஐரின் உப்பு ஒரு நாளும் தோத்ததில்லையே தம்பி என்று சிவனம்மாள் அக்கா வேன் ஏறும்வரை என்னை முறைத்தது. பொள்ளாச்சியில் டீக்கு நிறுத்தினார்கள். கடைக்காரர், ஏனுங்க, சக்கரை போடலாமுங்களா என்று கேட்டுப் போட்டார், தம்ளரை வாங்கினால் பாதி டீ கையில் கொட்டியது. ஆண்டனி தம்ளரைப் பிடுங்கித் தானே பிடித்துக் குடிக்க வைத்தான். பிறகு தனியாக நிறுத்தி, மச்சான், உப்பு தூவ அக்காகூடப் போறது நாந்தான், அக்கா அப்பிடி ஒரு வழக்கத்தச் சொன்னதே இல்ல என்றான். பின்ன ஏண்டா எறங்குன என்றேன். ஒங்க மூஞ்சியப் பாத்தேன், அடக்கத்தன்னைக்கிருந்து அதுல ஒண்ணுமே இல்ல மச்சான், சொவரு மாதிரி இருந்துச்சு, இன்னைக்கு அப்பிடிப் பயந்துபோயி நிக்கிறீங்க, அக்கா இருந்தா அவளும் எறங்கியிருப்பா, அதான் எறங்குனேன் என்றான். சொல்லிவிட்டுக் கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு வேனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். இன்று காலை பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், செத்தவள் பெயரில் பொய் சொல்லிவிட்டேன் என்று சாமியாரிடம் சொன்னேன். அவர் முதலில் மேட்ச் என்ன ஆச்சு என்று கேட்டார், பிறகு ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார்.

பயம் நேற்றோடு போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை, வீடு வரைக்கும் கூட வந்துவிட்டது. பூசை முடிந்து வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். ஆடி மாதம் நீ எழுதியதில், எங்கள் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, துணி காயப்போடும்போது காற்று எங்களையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கிறது என்று சிரிப்பாக எழுதியிருக்கிறாய். அன்றும் இதே வரியைத்தான் படித்தேன், மடித்து உள்ளே வைத்துவிட்டு மில்லுக்குப் போனேன். இன்று படித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாடி, இனிமேல் ஓரத்துக்குப் போகாதே. கொடியை நடுவில் கட்டச் சொல். முதலில் சிஸ்டரிடம் உள்ளபடி சொல், கேட்டால் நல்லது. கேட்காவிட்டால் அம்மா கனவில் வந்து அங்கே நிற்காதே என்றாள் என்று சொல், அந்தப் பாவத்தை நான் இங்கே சங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் கடிதங்களைச் சிஸ்டர் முதலில் பிரித்துப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் எழுதுகிறேன். சிஸ்டர், அந்தச் சுவரைக் கட்டிவிடுங்கள்.

கம்பளிச் சட்டையின் மேல் பொத்தானையும் போடு. பதில் எழுதும்போது மாடி விஷயத்தை முதல் வரியில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம். மாதாவும் அந்தோணியாரும் உன்னைக் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் தலையில் அப்பா கை வைத்து நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள்.

உன் அன்பு அப்பா
அ. ராயப்பராஜ்