மூன்றாம் பேஸ் அருகே நின்றவருக்கு

இஞ்சேருங்கோ, என் அன்புக்குரியவரே,

நீங்கள் போய் அடுத்த கந்தசஷ்டியும் வந்துவிட்டது. இன்று ஐந்தாம் நாள். நல்ல செய்தி சொல்ல எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதை உங்களிடம் அல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உங்கள் தம்பி நாதன் வேலையில் உங்கள் இடத்துக்கே வந்துவிட்டான். அதே கல்லூரி, அதே சொஃப்ட்போல் அணி, அதே உதவிப் பயிற்சியாளர் வேலை. ஊரில் மட்டையும் பந்துமாய் எல்லே விளையாடி வளர்ந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டையைக் கண்டால் கால் தரையில் நிற்காது, தெரியும். ஆனால் நாட்டில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அவனை இங்கே ஒக்லாந்துக்குக் கூப்பிட்டெடுத்தது உயிரோடு இருக்கட்டும் என்றுதானே?

உங்கள் உத்தியோகத்தை நான் எவ்வளவு கேலி செய்திருப்பேன்! பகலில் கல்லூரி ஆய்வுகூடத்தில் சோதனைக் குழாய் கழுவுவது. மற்ற நேரமெல்லாம் மைதானத்தில் ஓடுகிறவர்கள் தொடும் பேஸ்களை விரிப்பது, பெடியங்கள் அடித்துப் பழகப் பந்து எறிவது, போட்டியன்று மூன்றாம் பேஸ் அருகே நின்று ஓடு, நில் என்று கை காட்டுவது. வென்றால் கைதட்டல் தலைமைப் பயிற்சியாளர் பீட்டருக்கு. தோற்றால் உங்களுக்குச் சோறு இறங்காது. அந்தத் தலைமை இடம் கிடைக்கத் தொடர்ந்து ஆறு வருடம் சஷ்டி விரதம் பிடிப்பதாக நேர்த்தி வைத்தீர்கள்.

"முருகனுக்குச் சொஃப்ட்போல் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"வேல் எறிஞ்சவருக்குப் பந்து எறியத் தெரியாதோ?" என்றீர்கள்.

போன வருடம் ஆறாவது. ஐந்தாம் நாள் காலைப் பயிற்சியின்போது பீட்டர் கல்லூரியிலிருந்து டெலிபோன் எடுத்தார். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புல்லில் இருக்கிறீர்களாம், டொக்டரைக் கூப்பிடவா என்று கேட்டார். நான் சிரித்தேன். விரதக் களைப்பு, ஆறு நாளும் தண்ணீர் மட்டுந்தான், பாறணைச் சோறு சாப்பிட்டால் எழும்பிவிடுவார் என்றேன். டொக்டர் வந்தால் குளிசையும் பாலும் கொடுத்து ஆறு வருட விரதத்தைக் கெடுத்துவிடுவார் என்று நினைத்தேன். பீட்டர் என்னை நம்பினார். மத்தியானத்துக்குள் நீங்கள் இல்லை.

அந்த டெலிபோன் பேச்சை நான் இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. நாதனுக்கும்தான்.

அவனோ, "அண்ணா விட்ட ஆறாம் வருசத்தை நான் முடிக்கிறன் அண்ணி" என்று இம்முறை தண்ணீரோடு இருக்கிறான். பீட்டர் விலகப் போகிறார், அடுத்தது நாதன்தான் என்று பேச்சு. மூன்றாம் நாளே முகம் சாம்பல் பூத்துவிட்டது. நேற்று மட்டைப் பையைத் தூக்கியவன் கீழே வைத்துவிட்டு இடது தோளைத் தடவினான்.

"என்ன தம்பி செய்யுது?"

"ஒண்டுமில்லை அண்ணி, விரதக் களைப்பு. பீட்டருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. வருத்தக்காரனுக்கு ஆர் அணியைக் குடுப்பினம்?"

நான் பீட்டருக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? நீங்கள் சொல்லுங்கள்.

இன்று காலை எங்கள் மவுண்ட் வெல்லிங்டன் வீட்டில் டெலிபோன் அடித்தது. பீட்டர்தான். நாதன் நடக்க முடியாமல் இருக்கிறான், இதுவும் விரதம்தானா என்று கேட்டார். பின்னால் அவன் தமிழில் கத்தியது எனக்குக் கேட்டது.

"அண்ணி, ஓம் எண்டு சொல்லுங்கோ! என்ரை வேலையைக் கெடுக்காதேங்கோ!"

"இல்லை பீட்டர், அது நெஞ்சு. அவனுடைய அண்ணனும் அதில்தான் போனார். உடனே அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

இதை ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருந்து எழுதுகிறேன். அவனை உள்ளே கொண்டுபோய் இரண்டு மணித்தியாலம் ஆகிறது. ஒருவரும் வெளியே வரவில்லை. பீட்டர் என் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்தபடி இருக்கிறார், என்னைப் பார்க்கிறாரில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். அவன் கண் விழித்தால், முதல் வாய்ப் பாலை நானே பருக்குவேன். பிறகு போன வருடம் பீட்டருக்கு நான் சொன்ன பதிலை அவனுக்கும் சொல்வேன். கேட்டபின் அவன் முகத்தைத் திருப்பினால் திருப்பட்டும்.

இந்த நிமிடம்வரை நாதனுக்கு அண்ணியாக இருக்கும்,
உங்கள் மனைவி கமலா