அப்பாவின் வயிற்றுக்கு ஓர் ஊர்

ஜூன் 2, செவ்வாய்

காலையிலேயே அனல். கோழி ஷெட்டில் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. மின்விசிறி சுற்றுகிறது, சத்தம் மட்டும் வருகிறது. கல்லூரி திறக்கும்வரை எனக்கு ஒரே வேலை: வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது.

பின்னாளில் நானே மறந்துவிட்டால் உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன். அப்பா காலில் ஆணி ஏறிச் சீழ் பிடித்தது. ஊசி, மாத்திரை, மறுபடி ஊசி. கால் ஆறிவிட்டது, வயிறு போய்விட்டது. பங்குனியிலிருந்து பேதி. மருந்து தின்றால் நிற்கும், நிறுத்தினால் திரும்பும். ஆள் பாதியாகிவிட்டார். பழைய சட்டை அவர்மேல் கொடியில் காய்வதுபோல் தொங்குகிறது. இன்னொரு தடவை உடம்பு இப்படி வற்றினால் சிறுநீரகம் தாங்காது என்று சேலத்து டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. டாக்டரம்மா விளக்கியது:

"குடலுக்குள்ள நல்ல கிருமிங்க ஒரு ஊர் மாதிரி குடியிருக்கும்மா. உங்க அப்பாவுக்கு மருந்து சாப்பிட்டு சாப்பிட்டு ஊரே காலி. காலியான ஊர்ல ஒரு ரவுடிக் கிருமி புகுந்து உக்காந்திருக்கு. நல்லா இருக்கிற ஒருத்தர் குடல்லேருந்து ஊரையே எடுத்து உள்ள குடி வெச்சா, ரவுடிக்கு எடமிருக்காது."

ஊரை எடுப்பது எதிலிருந்து? அதிலிருந்துதான். காலைக்கடனிலிருந்து. சுத்தம் செய்து, வடிகட்டி, குழாய் வழியாக உள்ளே.

அம்மாவுக்குச் சர்க்கரை, ஆகாது. நான் ஒரே பிள்ளை, பதினெட்டு முடிந்துவிட்டது. ஓட்டும் போடலாம், இதையும் போடலாம். அன்னதானம் கேள்விப்பட்டிருக்கிறேன். அன்னம் தன் பயணத்தை முடித்த பிறகு செய்யும் தானம் எங்கள் வீட்டில்தான்.

எனக்கு விலக்கப்பட்டவை:
– தள்ளுவண்டிக் காளான்
– தட்டுவடை செட் (இது அநியாயம்)
– காய்ச்சல் வந்தால் மருந்துக்கடை அண்ணன் தரும் ரெண்டு கலர் மாத்திரை
– குறும்பு (இது அம்மா சேர்த்தது)

ஜூன் 4, வியாழன்

இன்று சேலத்துக்குப் 'ப.' போயிற்று. ப. என்றால் பரிசோதனைப் பொருள். இந்த நோட்டு யார் கையிலாவது சிக்கினால் என் மானம் போகக்கூடாது.

மல்லசமுத்திரத்தில் பஸ் ஏறினேன். மடியில் தெர்மகோல் பெட்டி, உள்ளே ஐஸ், ஐஸுக்கு நடுவே ப. பக்கத்து சீட்டு அக்கா பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஐஸ்கிரீமா அம்முணி?"

என் வாழ்க்கையில் இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"மருந்துங்க்கா. எங்கப்பாவுக்கு."

"ஐயோ பாவம். நல்லா புடிச்சுக்க சாமி, கவுந்துறப் போவுது."

பொய்யும் சொல்லவில்லை, குறும்பும் செய்யவில்லை. இதைப் பாராட்ட ஊரில் ஒருவருமில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தமும் எடுத்தார்கள். டாக்டரம்மா கேள்விமேல் கேள்வி. ஆறு மாதத்தில் ஆன்டிபயாடிக் உண்டா? இல்லை. வெளியூர்ப் பயணம்? கொல்லிமலை, கல்லூரி டூர். வாந்தி, பேதி? டூர் பஸ்ஸில் எனக்கில்லை, மற்றவர்களுக்கு. அவர் சிரிக்கவில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் சிரிப்பதற்கும் தனி அனுமதி வேண்டும்போல.

ஜூன் 10, புதன்

மேகம் மூடியது, மழை இல்லை. ஏமாற்றுவதில் வானம் முதல், நான் அடுத்து. நான் என்றுதான் இன்று எல்லோரும் சொல்கிறார்கள்.

டாக்டரம்மா என்னையும் அம்மாவையும் வரச்சொல்லி எதிரில் உட்கார வைத்தார். ப. தேறவில்லை.

"இருக்க வேண்டிய வகைகள்ல நிறைய காணோம். மருந்துக்கு அடங்காத வகைங்க நிறைய இருக்கு. தொடர்ந்து ஆன்டிபயாடிக் சாப்பிடறவங்க வயிறு இப்படித்தாம்மா இருக்கும். நெஜமாவே எதுவும் சாப்பிடலையா?"

"இல்லீங்க."

"யோசிச்சுச் சொல்லு. தப்பா நெனைக்க மாட்டேன்."

"யோசிச்சாலும் இல்லீங்க."

அதற்குள் அம்மா திரும்பினாள். டாக்டர் எதிரிலேயே.

"ஏண்டி, வெளாட்டுக்குக் கோழி எருவ அள்ளிப் போட்டுக் குடுத்துட்டியா?"

நர்ஸ் இருமலை அடக்கினார். எனக்குத் தரை பிளந்தால் தேவலை. என் சொந்தப் ப.வை என்னுடையது என்று நிரூபிக்க வேண்டிய நிலைமை யாருக்காவது வந்திருக்குமா?

பஸ்ஸில் வரும்போது அம்மா என் பழைய வழக்குகளை வரிசையாக எடுத்தாள். எங்களுக்குக் குஞ்சு தரும் கோழி கம்பெனி சூப்பர்வைசர் ஹெல்மெட்டில் ரப்பர் பல்லி. பொங்கலுக்குத் தண்ணீர்த் தொட்டியில் கேசரிப் பவுடர். அப்பா செல்போனில் சேவல் கூவும் ரிங்டோன், அதுவும் துக்க வீட்டில். எல்லாம் உண்மை. ஆனால் இது அதுவல்ல!! எத்தனை தடவை சொல்வது?

ஜூன் 11, வியாழன்

அப்பா காலையிலிருந்து கழிவறைக்கும் கட்டிலுக்குமாக. கடைசித் தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் கை கொடுத்தேன். எடையே இல்லை.

வேறு ஆளைப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன். சொந்தத்தில் ஆரோக்கியமான ஒரே ஆள் அம்மாவின் தம்பி, மோகனூர் மாமா. கரும்புக்காரர். காவிரித் தண்ணீர், களி, கீரை. தலைவலிக்குக்கூட மாத்திரை தொடாதவர். ஆனால் அப்பா அவரோடு பேசி வருஷங்கள் ஆகின்றன. ஒரு காதுகுத்து விருந்தில், நாங்கள் கொடுத்தனுப்பிய கறியை வாயில் வைத்துவிட்டுப் பந்தியே கேட்கும்படி மாமா சொன்னார்: "மச்சான் ஊட்டுக் கோழில மருந்து வாசம் அடிக்குதுங்கோ." அன்றோடு முடிந்தது.

அம்மா மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, என்ற தம்பியக் கேட்டுப் பாக்கலாமுங்களா?"

"செத்தாலும் செரி. அவனோடது என்ற வவுத்துக்குள்ளாற வரக்கூடாது."

"இந்த நேரத்துல ரோசம் பாத்தா முடியுமுங்களா?"

"எனக்கு மிச்சமிருக்கறதே ரோசந்தான். மத்ததெல்லாம் போயிட்டுதான இருக்குது."

என்னைவிட நன்றாகப் பேசுகிறார். ஆனால் சிரிப்பு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டே என்னிடம் கேட்டார், "நெசமா நீ ஒண்ணும் பண்ணலியா சாமி?" இவருமா!

எழுந்து குஞ்சுகளுக்குத் தீவனம் போடப் போய்விட்டேன்.

சாயங்காலம் சூப்பர்வைசர் வந்தார். (ஹெல்மெட்டை உதறிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்.) குஞ்சுகளுக்குச் சளி மருந்து முடிந்ததாம். நாளையிலிருந்து சத்துப் பவுடர், புதுச் சரக்கு.

ஜூன் 12, வெள்ளி

சோறு மஞ்சளாக இருந்தது.

மத்தியானம் அம்மா வடித்ததும் பார்த்தாள். எலுமிச்சைச் சாதம்போல் பளிச்சென்று. கரண்டியோடு வந்தாள்.

"உங்கப்பன் அங்க கெடக்கறான், உனக்குக் கேசரிப் பவுடர் கேக்குதா?"

"நான் போடல!"

"பின்ன சோறு தானா மஞ்சக் குளிச்சுதா?"

(பரவாயில்லை, இந்த வாய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது.)

குழாயைத் திறந்தேன். தண்ணீரே மஞ்சள். போதும் போதும் என்றாகிவிட்டது. செய்த தப்புக்கெல்லாம் சிரித்துத் தப்பித்தேன், செய்யாததற்கெல்லாம் திட்டு. உண்மைக் குற்றவாளியைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று ஏணியை எடுத்தேன்.

எங்கள் வீட்டு ஏற்பாடு இது. போர்வெல் தண்ணீர் முதலில் ஷெட் தொட்டிக்கு ஏறும். அங்கிருந்து ஒரு குழாய், நடுவில் ஒரு வால்வு, பிறகு சமையலறை மேலிருக்கும் கறுப்புத் தொட்டி. அப்பாவே போட்ட இணைப்பு. குடிப்பது, சமைப்பது எல்லாம் அதில்தான். கோழிக்கு மருந்தோ பவுடரோ கலக்கும் நாளில் வால்வை மூடிவிடுவோம், கறுப்புத் தொட்டியில் இருப்பதை வைத்து ஓட்டுவோம். மறுநாள் ஷெட் தொட்டியைக் கழுவிவிட்டுத் திறப்போம். முன்பு அப்பா மூடுவார். அவர் படுத்தபின் அம்மா. ஒருநாளும் மறந்ததில்லை.

இன்றும் வால்வு மூடித்தான் இருந்தது. கூரைமேல் ஏறிக் கறுப்புத் தொட்டி மூடியைத் திறந்தேன். ஷெட்டிலிருந்து வரும் குழாய் வாயில் மஞ்சள் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. இறங்கி வால்வை இன்னும் திருகினேன். திருகத் திருகச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே மரை தேய்ந்து, மூடுவதுபோல் நடித்திருக்கிறது. வீட்டில் என்னைவிடப் பெரிய ஏமாற்றுக்காரன் இந்த வால்வுதான்.

கை வால்வில் இருக்கும்போதே உறைத்தது. இன்று கலக்கிய சத்துப் பவுடர் மஞ்சள், கண்ணுக்குத் தெரிந்தது. இதற்கு முன்னால் ஊற்றிய சளி மருந்து? அதற்கு நிறமில்லை. கோழிக்குச் சளி பிடித்தபோதெல்லாம் நாங்களும் சிகிச்சையில் இருந்திருக்கிறோம். நான், அம்மா. அப்பாவும். பேதியில் வற்றுகிறார் என்று சொம்பு சொம்பாகக் குடிக்கக் கொடுத்தோமே, அதுவும் இதே தண்ணீர்.

அம்மாவிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு குடங்களை ஒவ்வொன்றாக வாசலில் கவிழ்த்தாள். 

ஜூன் 13, சனி

காற்று ஆரம்பித்துவிட்டது. தீவனச் சாக்குகள் பறக்கின்றன.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். மருந்துப் பாட்டிலில் என்ன பேர் என்று கேட்டார், படித்துக் காட்டினேன். அதுவும் ஆன்டிபயாடிக்தானாம்.

"அப்பாவுக்கு எல்லாமே இதனாலதான்னு என்னால சொல்ல முடியாதும்மா. ஆனா இது நிக்காம எதுவும் நிக்காது. முதல்ல தண்ணியை மாத்துங்க. மீதி மருந்து இருந்தா பாட்டிலோட கொண்டு வா, தொட்டித் தண்ணியும் ஒரு பாட்டில்."

இந்த வீட்டிலிருந்து சேலத்துக்கு எது போனாலும் டப்பாவில்தான்.

"நான் இனிமே குடுக்கலாமுங்களா?"

"இப்போதைக்கு முடியாது. உன் ஊரும் திரும்பி வரணும். அதுவரைக்கும் அப்பா தாங்க மாட்டார்." கொஞ்சம் நிறுத்தி, "உன்னைச் சந்தேகப்பட்டேன். மனசுல வெச்சுக்காத." வைத்துக்கொள்வேன். நாலு நாளாவது.

அப்பாவிடம் சொன்னபோது விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போட்ட லைனு."

"வால்வு தேஞ்சதுக்கு நீங்க என்னங்கப்பா பண்ணுவீங்க?"

"நான் போட்ட லைனு சாமி."

எழுந்தார். அறுக்கும் பிளேடைத் தேடி எடுத்துக்கொண்டு ஷெட்வரை நடந்தார். குழாயில் பிளேடை வைத்து இரண்டு இழுப்பு, மூச்சு வாங்கியது, அப்படியே தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். மீதியை நான் அறுத்தேன். மஞ்சள் தண்ணீர் பீறி என் சட்டையெல்லாம் நனைந்தது. கழுவிவந்து பார்த்தால் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

"அம்முணி, அந்த மோகனூரானுக்கு போனப் போடு."

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன். மாமா எடுத்தார்.  எங்கோ கரும்பு டிராக்டர் சத்தம்.

"மாப்ளே." அப்பாதான். "சாப்ட்டியா?"

"ஆச்சுங்க மச்சான்."

அப்புறம் அப்பா எல்லாவற்றையும் சொன்னார். வால்வு, தொட்டி, கோழி மருந்து, இப்போது மாமாவிடமிருந்து என்ன வேண்டும் என்பது, ஒன்றையும் மறைக்காமல்.  மருந்து வாசம் அடிக்கிறதென்று சொன்ன மனுஷன். இப்போது 'அன்னைக்கே சொன்னனே' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அப்பா போனை வைத்துவிடுவார். இத்தோடு முடிந்தது.

மாமா தொண்டையைச் செருமினார்.

"செரிங்க மச்சான். நாளைக்கே வாரேன். டப்பா ஆஸ்பத்திரியில அவங்களே தருவாங்களா, இல்ல நான் ஊட்டுலருந்து டிபன் பாக்ஸ் எடுத்தாரட்டுங்களா?"

அப்பா சிரித்துவிட்டார். பங்குனிக்குப் பிறகு முதல் தடவை. தோள் குலுங்க, தீவன மூட்டை குலுங்க. சிரித்துக்கொண்டே போனை என் கையில் திணித்துவிட்டுக் கழிவறைக்கு ஓடினார்.