மூன்றாம் மதகில் சிரித்தவள்

நீர் நிற்க, நெல் நிமிர்க.

கார்க்கொடி உடையவரும், மூன்று மலைக்கும் ஏழு ஆற்றுக்கும் இறைவரும், மழை பெய்தால் குடை விரிக்க விடாதவருமாகிய வேந்தர் விண்ணங்கோ திருவாய் மலர்ந்தபடி, திருமந்திர ஓலைநாயகம் மருதங்கீரன் எழுதிய ஓலை. வெள்ளிக்குட்டத்து ஏரிவாரியப் பெருமக்கள் ஐவரும் கண்டு தெளிக. உங்கள் ஏரி நிறைக. உங்கள் கொக்குகள் கொழுக்க. அவற்றுக்கு இரையாகும் மீன்களும் இயன்றவரை மனக்குறையின்றி வாழ்க. இவ்வோலை எட்டிய நாளிலேயே மூன்றாம் மதகின்மேல் நின்று, மதகுக்காவல் குடியில் பிறந்த கொற்றி என்பாள் கேட்குமாறு உரக்கப் படிக்க. படிப்பவர் இருமல் இல்லாதவராய் இருக்க.

செய்தியாவது: கொற்றி, தன் தம்பி எயினனின் மகளாகிய ஐந்து வயதுப் பூவையைக் கையில் பிடித்துக்கொண்டு, சென்ற திங்களில் எட்டு நாள் நடந்து அரண்மனை வாயிலுக்கு வந்தாள். உங்கள் ஏரியின் நடுவிலுள்ள பறவைத்திட்டு அரசர்க்கு உரியது. அதில் பன்னிரண்டு மழைக்காலம் அந்தப் பிள்ளையோடு தண்டனையாய்க் குடியிருக்க இசைவு வேண்டும் என்பதே அவள் விண்ணப்பம். பிள்ளை செய்த பிழை யாதென்று வினவப்பட்டது. ஆட்டுக்குட்டி ஒன்று தும்மக் கண்டு சிரித்துவிட்டாள் என்று கொற்றி தலை கவிழ்ந்து சொன்னாள்.

அக்குடியின் நம்பிக்கையை அரசர் அறியார் ஆதலின், அவர்க்கு உரைக்கப்பட்டதை இங்கும் எழுதுகிறோம். ஏரி என்பவள் சிறையிருக்கும் பெண். மதகுக்காவலர் அவளுடைய சிறைக்காவலர். காவலர் குடியில் எவர் சிரித்தாலும், தன் சிறைநிலையை எண்ணியே சிரிக்கிறார்கள் என்று கருதி ஏரி கரையை உடைத்துக்கொண்டு எழுந்து வருவாள். ஆகவே பேச்சு வந்த பிள்ளைக்கெல்லாம் நாவின் கீழே ஒரு புளியங்கொட்டை. சிரிப்பு வரும்போல் இருந்தால் அதைக் கடிக்கவேண்டும். உறக்கத்தில் சிரிக்கும் கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய். கூத்து நடக்கும் நாளில் குடும்பமே கூத்துக்கு முதுகு காட்டி உட்காரும். அவர்கள் வீட்டுத் திருமணத்துக்குப் போனவர்கள், இழவு வீட்டில்கூட இதைவிடக் கொஞ்சம் கலகலப்பு உண்டு என்பார்கள். ஊரார் விட்டுவைப்பார்களா? “என்ன காவக்காரரே, இன்னிக்குப் பல்லு தெரியுதே, ஊரைக் காலி பண்ணட்டுமா?” என்று சந்தையில் கேட்பார்களாம்.

கொற்றி இதற்குள்தான் வளர்ந்தாள். பூனை வாலைத் துரத்தினால் கண்ணை மூடிக்கொள்வாள். ஒன்பது வயதுக்குள் பதினோரு புளியங்கொட்டைகளைக் கடித்துத் தேய்த்தாள். தகப்பன் கோடன் கொடியவன் அல்லன். மாலைதோறும் அவள் வாயைத் திறக்கச் சொல்லிக் கொட்டையைப் பார்த்துவிட்டு, “எம்மவ கெட்டிக்காரி” என்று தலையைத் தடவுவான். அந்தத் தடவலுக்காக அவள் எதையும் கடித்திருப்பாள்.

நாற்பதாண்டுக்கு முன் ஐப்பசியில் அரண்மனையிலிருந்து இளம் கண்காணி ஒருவன் கரை பார்க்க வந்தான். மூன்றாம் மதகின் அருகே நண்டுவளைகளைக் கண்டான். கரையின் வெளிச்சரிவில் ஒரு முறம் அகலத்துக்கு நீர் கசிந்து மண் ஈரமாய் இருந்ததையும் கண்டான். கண்டவன், மருதமர நிழலையும் கண்டான். அது இன்னும் நன்றாக இருந்தது. அங்கே அமர்ந்து கோடன் வீட்டுக் கூழைக் குடிக்கையில், நீர் வார்க்க வந்த சிறுமி சிரிக்காத பிள்ளை என்று கேள்விப்பட்டு, அவளைச் சிரிக்கவைத்தே தீர்வது என்று முகத்தில் ஒரு கோடும் அசையாமல் ஒரு கதை சொன்னான். தன் ஊரில் ஓர் எருமை, தன் நிழலிலேயே படுக்க எண்ணி, நிழல் நகர நகர மூன்று நாள் சுற்றியதாம். நான்காம் நாள் நிழல் களைத்துப் படுத்துவிட்டதாம். அதை எழுப்ப மனம் வராமல் எருமை இன்னும் நின்றுகொண்டே இருக்கிறதாம்.

கொற்றி கொட்டையைக் கடித்தாள். பிறகு, பெருமக்களே, சிரித்தாள். கொட்டை தெறித்துக் கண்காணியின் கூழில் விழுந்தது.

மறுநாள் நண்பகலில் மூன்றாம் மதகருகே கரை உடைந்தது. கரையடிக் குடிலில் தூளியில் உறங்கிய அவள் தம்பி சாத்தனை நீர் கொண்டுபோயிற்று. அவனுக்கு நான்கு வயது. எயினன் அப்போது பிறக்கவில்லை.

சேற்றிலிருந்து ஏறி வந்த கோடன், “சிரிச்சியா நீ?” என்று கேட்டான். “சிரிச்சேம்ப்பா” என்றாள். அவன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அது அன்றோடு போயிருக்கும். சிரித்தவரைப் பன்னிரண்டு மழைக்காலம் திட்டில் வைப்பது குடிவழக்கம். ஏரியே வடிந்துபோன இடத்தில் திட்டு ஏது? ஆகவே பேசாமல் இருந்தான். சென்ற ஆண்டு கண்மூடும்வரை முப்பத்தொன்பது ஆண்டுகள் அவளோடு ஒரு சொல்லும் பேசவில்லை. மாலைதோறும் அவள் அவன் முன்னே போய் வாயைத் திறந்து காட்டி நிற்பாளாம். அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பானாம்.

கண்காணி கரையில் கண்டவை நீங்கலாக இவ்வளவையும் அரசவையில் சொன்ன கொற்றி, இறுதியில் ஓலைநாயகத்தை நோக்கி, “பெரியவரே, சிரிப்பே வராம இருக்க அரமனை வைத்தியர்கிட்ட மருந்து இருக்குங்களா? இருந்தா இந்தப் பிள்ளைக்குக் குடுங்க. திட்டுல பன்னெண்டு வருசம் அது தாங்காது. எனக்குப் பழக்கம்” என்றாள். பூவை கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே கொட்டை இருந்தது.

அந்தக் கண்காணி யாரென்று கொற்றி அறியவில்லை. பல் போய், நரை கூடிய முகம் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் இவ்வோலையை எழுதுகிற மருதங்கீரனே. அவைக்கு அவன் ஓயாது பொய்க்கதை சொல்பவன். அன்றோ விடை ஓலையில் வரும் என்று மட்டும் சொல்லி அவர்களை வண்டியேற்றி அனுப்பினான். அன்று மாலையே அரசர் அடியில் விழுந்து உண்மையைச் சொன்னான். நாவால் பொய் சொல்லிப் பழகியவனுக்கு மெய் சொல்ல எழுத்தாணி வேண்டியிருக்கிறது என்று கூறி, அரசரே இதை எழுதப் பணித்தார்.

கொற்றி, கேள். நண்டுவளையைப் பார்த்தவன் அன்று மாலை அரண்மனைக்கு எழுதிய ஓலையில் இரண்டே சொற்கள்: கரை நலம். சுவடி அறையிலிருந்து எடுத்த அவ்வோலை, அவன் கையெழுத்தோடு, இதனுடன் கட்டப்பட்டுள்ளது. உடைப்புக்குப் பின் அரண்மனை மழைமீது பழி போட்டது. மழை மறுத்துப் பேசவில்லை. உன் குடி உன்மீது போட்டது. நீயும் மறுத்துப் பேசவில்லை. அவனுக்கோ பதவி உயர்ந்தது. குழந்தை ஒன்று இறந்ததை அறிந்திருந்தான். உன்னைப் பற்றி அறியவில்லை, அறிய முயலவும் இல்லை. வாழ்நாளெல்லாம் அவன் சொன்ன பொய்களில் பிறர் நம்பியது அந்த இரண்டு சொற்களை மட்டுமே. சாத்தனைக் கொன்றது உன் சிரிப்பன்று.

ஆதலின் ஆணை: பறவைத்திட்டில் குடியிருக்க இசைவு இல்லை, அது பறவைகளுக்கே. மண்வேலை ஆட்கள் அறுபதின்மர் இவ்வோலையோடு வருகின்றனர். மூன்றாம் மதகின் இருபுறமும் வளைகளைத் தோண்டிக் களிமண் இட்டு இடிக்க. பூவையின் வாயிலுள்ள கொட்டையை அவள் தகப்பன் எயினனே தன் கையால் எடுக்க.

நம்பிக்கை ஓலையால் போகாது என்பதை அரசர் அறிவார். ஆகவே ஐப்பசி முழுநிலவுக்கு மறுநாள் நண்பகலில், ஏரி நிறைந்திருக்கும்போது, மருதங்கீரன் அங்கு வருவான். சாத்தனின் தூளி தொங்கிய இடத்தில் கரைக்கு முதுகு காட்டி அமர்வான். எருமையின் கதையைப் பூவைக்குச் சொல்வான். அவள் சிரித்துக் கரை உடைந்தால் முதலில் போகிறவன் அவன். கொற்றி கரைமேல் நின்று பார்க்கலாம். அவளும் சிரிக்கவேண்டும் என்று ஆணையிட அரசர்க்கும் அதிகாரம் இல்லை. மாலைவரை கரை நின்றால், கொற்றி தன் வாயிலுள்ள கொட்டையைத் துப்பிவிட்டு அவனை என்ன சொல்ல நினைக்கிறாளோ அதைச் சொல்க. பேசாமல் மட்டும் இருந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறான். இது ஆணையன்று.

கார்முகில் இலச்சினை இட்டோம். மீறுவோர் இல்லாதிருக்க.

இவ்வோலையில் எருமையைத் தவிர மற்றெல்லாம் மெய். இவை மருதங்கீரன் எழுத்து.